கரடி குளிரில சாகாது, பிள்ளையைக் குளிர வைக்க மட்டும் ஏன் பயப்படினம்?

வெள்ளவத்தை வாசன்
ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வாசிச்சிட்டுப் போற ஆள், எழுதுறது குறைவு. இண்டைக்கு ஒரு வீட்டுச் சண்டை என்னை இங்க கொண்டுவந்து விட்டிருக்கு.

தங்கச்சியின்ர மகனுக்குப் போன கிழமை மூண்டு வயசு. 2022இல, பெற்றோல் கியூ காலத்தில பிறந்தவன். பிறக்கேக்க அழயில்லை. மூளைக்கு ஒட்சிசன் போகாமல் இருந்திட்டுது எண்டு பத்து நாள் குழந்தைகள் ஐ.சி.யூவில வைச்சிருந்தவை. இப்ப நடக்கிறான். பேச்சுப் பிந்தித்தான் வருது, வலது கை கொஞ்சம் இறுக்கம். பிறந்தநாளுக்கு ரொறன்ரோவில இருந்து மச்சான் வந்திருந்தார். கேக் வெட்டி முடியேல்லை, "எங்கட பக்கம் எண்டால் பிறந்த கையோட பிள்ளையைக் குளிர வைச்சிருப்பாங்கள், மூளை தப்பியிருக்கும். ஏன் செய்யேல்லை எண்டு நீங்கள் கேக்கவே இல்லையோ?" எண்டார். தங்கச்சி கையில இருந்த தட்டை வைச்சிட்டு அறைக்குள்ள போனவள், ஆக்கள் போகுமட்டும் வெளியில வரேல்லை.

அடுத்த நாள் என்ர மகளைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனன். கரடிக் கூட்டுக்கு முன்னால நிண்டு, "அப்பா, இது பனிக்காலத்தில ஆறு மாசம் தூங்குமாம், குளிர்ந்து போனாலும் சாகாதாம், ரீச்சர் சொன்னவ" எண்டாள். மச்சானின்ர கதையும் இவளின்ர கதையும் எனக்குள்ள ஒண்டாகிப் போச்சு.

குளிர வைக்கிறது உண்மையிலேயே வைத்தியமோ? வைத்தியம் எண்டால் எங்கட பிள்ளைக்கு ஏன் கிடைக்கேல்லை? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


உயிரியல் வாத்தி
ஞாயிறு, இரவு 10.05

வாசன், முதலில் மகளின் ரீச்சருக்கு ஒரு திருத்தம். நீங்கள் பார்த்தது எங்கள் நாட்டுக் கரடியென்றால் அது அப்படி மாதக்கணக்கில் உறங்கப் போவதில்லை. வில்பத்துவிலும் யாலவிலும் பாலைப்பழக் காலத்தில் மரமேறித் தின்கிற கரடி அது. வருடம் முழுக்கப் பழமோ கறையானோ ஏதாவது அகப்படும். குகைக்குள் போய்ப் படுக்க அதற்கு என்ன தேவை? உறங்குகிறவை அலாஸ்கா, கனடா, சுவீடன் பக்கத்துக் கரடிகள்.

உயர்தர வகுப்பில் இருபது வருடமாக ஒரே பிழையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள்: வெளியே குளிர், அதனால் உடல் குளிர்கிறது, அதனால் உடற்தொழில் மந்தமாகிறது, அதனால் உறக்கம். இதைத் தலைகீழாக எழுது என்பேன். பிராணி முதலில் தன் அடுப்பை, அதாவது உடல் சக்தி எரிக்கிற வேகத்தை, தணிக்கிறது. அடுப்புத் தணிந்ததால் உடல் குளிர்கிறது. குளிர் கடைசியில் வருகிற விருந்தாளி.

அலாஸ்காவில் கறுப்புக் கரடிகளைப் பனிக்காலம் முழுக்க அளந்து 2011இல் வெளியிட்டார்கள். உடல் வெப்பம் 30க்கும் 36க்கும் இடையில்தான் ஏறி இறங்கியது, அதாவது பெரிதாகக் குளிரவேயில்லை. ஆனால் உடல் எரிக்கிற சக்தி, சும்மா ஓய்ந்திருக்கும்போது எரிப்பதில் காற்பங்குக்கு இறங்கிவிட்டது. நிமிடத்துக்கு 55 தடவை துடித்த இதயம் பத்துப் பதினைந்துக்கு வந்தது. இதைவிட வேடிக்கை, வசந்தத்தில் எழும்பி வெளியே வந்து உடல் வெப்பம் வழமைக்குத் திரும்பிய பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு அடுப்பு தணலில்தான் கிடந்தது. குளிரால்தான் மந்தம் என்றால் இது நடந்திருக்குமா?

இன்னொன்று கொழும்புக்காரருக்குப் பிடிக்கும். மடகஸ்காரில் கொழுத்த வால் குள்ள லெமூர் என்று ஒரு பிராணி, குரங்கின் தூரத்து உறவு. ஏழு மாதம் மரப்பொந்தில் உறங்குகிறது, வாலில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டு. பகலில் வெளியே 30 பாகைக்கு மேல்! உடல் வெப்பம் பொந்தின் வெப்பத்தோடு சேர்ந்து ஒரே நாளில் 20 பாகை வரை ஏறி இறங்கும். 2004இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தபோது பலர் வாயில் விரல் வைத்தார்கள். எங்கள் வெக்கையிலும் உறங்கலாம், அடுப்பைத் தணிக்கத் தெரிந்தால்.


கொட்டாஞ்சேனை மேரி
ஞாயிறு, இரவு 10.31

ஆறு மாசம் தூங்கினவர் நம்ம இலங்கைக்காரர்தானே சார், கும்பகர்ணன். எழும்பின உடன சாப்பாடு சாப்பாடுன்னு கத்தினவர். அவரைப் பத்தி ஒண்ணும் ஆராய்ச்சி பண்ணலையா 😄

வாசன் தம்பி, தங்கச்சிய நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. மச்சான்மார் வாயை மூடிக்கிட்டு கேக்க மட்டும் சாப்பிட்டுப் போகலாம்.


உயிரியல் வாத்தி
ஞாயிறு, இரவு 10.40

மேரி அக்கா, அங்கேதான் கும்பகர்ணன் பரீட்சையில் தோற்கிறார். உறங்கி எழும்பிய கரடிக்குப் பசியே இருக்காது. இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொறித்துக்கொண்டு திரியும்.


பேலியகொட ஐஸ்
ஞாயிறு, இரவு 11.52

நான் மீன் யாவாரம். கூலர் லொறி ரெண்டு ஓடுது, ஐஸோடதான் சீவியம். ஒரு சந்தேகம், சேர்.

மீனை ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு 0 பாகையில வைச்சா நாலஞ்சு நாள் சதை சதையாவே இருக்கும். அதே மீனை மெதுவா உறைய விட்டுப் பிறகு இளக்கினா தண்ணி கக்கும், சதை நொய்ஞ்சு போகும். உள்ளுக்க ஐஸ் ஊசி ஊசியா வளந்து எல்லாத்தையும் குத்திக் கிழிச்சிடும் எண்டு எனக்கு மெசின் பூட்ட வந்த எஞ்சினியர் சொன்னவர். உறைநிலைக்குக் கீழ போற பிராணி இருக்கெண்டு யூரியூப்பில சொல்றாங்கள். ஊசி குத்தாதோ?


உயிரியல் வாத்தி
திங்கள், காலை 6.10

நல்ல கேள்வி, ஐஸ் அண்ணை. இருக்கிறது. ஆர்க்டிக் தரை அணில். அலாஸ்காவில் பிரையன் பார்ன்ஸ் என்பவர் 1989இல் அளந்து சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார், வயிற்றுப் பக்கம் உடல் வெப்பம் −2.9 பாகை. அதன் இரத்தத்தில் உறையெதிர்ப்புச் சாமான் எதுவும் அகப்படவில்லை. சாதாரண இரத்தம் போலவே −0.6 அளவில் உறைய வேண்டியது. உறையாமல் நிற்கிறது.

உங்கள் ஃப்ரீசரில் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தில் சிலவேளை உறையாமல் நின்று, எடுத்துத் தட்டினவுடன் கண்முன்னே ஐஸாகுமே, பார்த்திருப்பீர்கள். அதே சங்கதி. முதல் ஐஸ் துணிக்கை பிடிப்பதற்கு ஒரு தூசு வேண்டும். அது கிடைக்காதவரை நீர் திரவமாகவே நிற்கும். அணிலின் மூளையும் கழுத்தும் மட்டும் அவ்வளவு குளிருக்கு இறங்குவதில்லை.


பேலியகொட ஐஸ்
திங்கள், காலை 6.34

ஓம் ஓம், தட்டினா உறையிற போத்தில் எனக்குத் தெரியும்! புது பெடியன்மாருக்கு அதைக் காட்டித்தான் வித்தை காட்டுறனான்.


நைட் டியூட்டி
திங்கள், காலை 8.45

இப்பதான் டியூட்டி முடிஞ்சி பஸ்ல வாறேன். நான் ஐ.சி.யூ நர்ஸ், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

வாத்தி சார் சொன்ன "அடுப்பு முதல்ல" கதைய நாங்க கட்டில் பக்கத்துல கண்ணால பாக்கிறோம். இதயம் நின்னு திரும்பி வந்த பெரியாக்களை முன்ன 33 டிகிரிக்குக் குளிர்த்துவோம். 2002ல ரெண்டு ஆய்வு ஒரே சமயத்துல வந்திச்சு, மூளை தப்புதுன்னு. அதுக்குப் பிறகு உலகம் பூரா செஞ்சாங்க. ஆனா செய்றது என்னன்னு தெரியுமா? கக்கத்துலயும் தொடையிடுக்குலயும் ஐஸ் பை, குளிர் தண்ணி ஓடுற போர்வை. உடம்பு சும்மா இருக்காது. நடுங்கும். நடுங்க நடுங்க ஒட்சிசன் இன்னும் கூட எரியும், எதுக்காகக் குளிர்த்துறோமோ அதுக்கு நேர் எதிர். அதனால மயக்க மருந்து, பெத்திடின், அப்பவும் நிக்கலன்னா தசையை முடக்குற மருந்து. பொட்டாசியம் இறங்கும், திரும்பச் சூடாக்கும்போது ஏறும், அதனால மணிக்குக் கால் டிகிரி, அரை டிகிரின்னுதான் ஏத்துவோம். இரவு முழுக்க அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருப்பேன்.

கரடிக்கு நடுக்கம் இல்ல, பெத்திடின் இல்ல. அது தானா இறங்குது. நாங்க இறங்க மாட்டேன்னு சண்டை போடுற உடம்பைப் பிடிச்சி இழுக்கிறோம்.

அப்புறம் 2013ல 33க்கும் 36க்கும் வித்தியாசம் இல்லைன்னு வந்திச்சு. 2021ல 1,900 பேரை வச்சி ஒரு ஆய்வு, 33க்குக் குளிர்த்தினாலும் சும்மா காய்ச்சல் வராம பாத்துக்கிட்டாலும் ஆறு மாசத்துல இறந்தவங்க கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். இப்ப நாங்க அதிகமா செய்றது காய்ச்சல் ஏறாம காவல் இருக்கிறது.

பிள்ளைங்க கதை வேற. தூங்கி எழும்பிட்டு எழுதுறேன்.


ஸ்காபரோ ரவி
திங்கள், மாலை 6.02

முதல்ல சொல்லிப்போடுறன், அந்தக் கேக் சாப்பிட்ட மச்சான் நான் இல்லை.

ஆனா மச்சான் சொன்னது பொய்யும் இல்லை. இங்க பிறக்கேக்க மூச்சு முட்டின பிள்ளையளை ஆறு மணித்தியாலத்துக்குள்ள பிடிச்சு 33.5 பாகைக்கு இறக்கி 72 மணித்தியாலம் வைச்சிருக்கினம். சாதாரண வைத்தியம் அது. பிரித்தானியா தலைமையில 325 பிள்ளையளை வைச்சு நடத்தின டோபி ஆய்வு 2009இல வந்தது. எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் ஏழு பிள்ளையளைக் குளிர்த்தினால் ஒரு பிள்ளை சாவிலயோ பெரிய ஊனத்திலயோ இருந்து தப்புது. ஏழுக்கு ஒண்டு எண்டது வைத்தியத்தில பெரிய விசயம்.

இதய ஆப்பரேசனுக்குக் குளிர்த்திற விளையாட்டின்ர தொடக்கமும் எங்கட ரொறன்ரோதான். 1950க்குக் கிட்டடியில வில்பிரட் பிகிலோ எண்டொரு சத்திரசிகிச்சை நிபுணர், நாய்களைக் குளிர்த்தி இதயத்தைத் திறந்து பார்த்தவர். பிறகு உறங்கிற பிராணியில ஏதோ ஒரு சுரப்பு இருக்கவேணும் எண்டு கிரவுண்ட்ஹொக் எண்ட அணில் சாதியை நூற்றுக்கணக்கில வளர்த்துத் தேடினவர். தேடினது கிடைக்கேல்லை. ஆனால் குளிர்த்தின நாயின்ர இதயம் ஒருநாள் நிண்டு போச்சு. கையில இருந்த கருவியால ஒரு குத்துக் குத்தினார், ஒருக்காத் துடிச்சுது. திரும்பக் குத்தினார், திரும்பத் துடிச்சுது. அதிலயிருந்துதான் ஜோன் ஹொப்ஸ் எண்ட எஞ்சினியரோட சேர்ந்து பேஸ்மேக்கர் செய்தவை. அப்பாவின்ர நெஞ்சுக்குள்ள இப்ப இருக்கிறது அந்த வழியில வந்ததுதான். அவருக்குச் சொன்னால், நாயின்ர புண்ணியம் எண்டுறார்.

1952 செப்ரெம்பர் 2, அமெரிக்காவில மினசோட்டாவில ஐஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டை 28 பாகை அளவுக்குக் குளிர்த்தி, இதயத்துக்குப் போற இரத்தத்தை நிப்பாட்டி, உள்ள இருந்த ஓட்டையைத் தைச்சவை. ஐஞ்சு ஐஞ்சரை நிமிசத்துக்குள்ள. பிள்ளை பிழைச்சுது.

அப்ப கேள்வி கேள்வியாத்தான் நிக்குது. ஏன் கொழும்பில இல்லை? மெசின் வாங்கக் காசில்லையோ?


நைட் டியூட்டி
திங்கள், இரவு 7.40

ரவி அண்ணா, காசு கேள்வி இல்ல. இதை நிதானமா வாசிங்க. வாசன் அண்ணா, நீங்க கட்டாயம் வாசிங்க.

நீங்க சொன்ன ஏழுக்கு ஒண்ணு கணக்கு பெரும்பாலும் பணக்கார நாட்டுப் பிள்ளைங்களோடது. அதை அப்பிடியே நம்ம பக்கம் கொண்டு வரலாமான்னு பாக்க ஹெலிக்ஸ்னு ஒரு ஆய்வு நடந்திச்சு. இந்தியா, பங்களாதேஷ், இலங்கை. ஏழு பெரிய ஆஸ்பத்திரி, 408 பிள்ளைங்க. தலைமை தாங்கினது லண்டன் இம்பீரியல் கல்லூரி டொக்டர் சுதின் தையில். மெசின் குறையுள்ளது இல்ல, தானே வெப்பத்தைப் பிடிச்சி வைக்கிற நல்ல மெசின். அதே 33.5, அதே 72 மணித்தியாலம், அதே ஆறு மணித்தியாலக் கெடு.

2021ல லான்செட் குளோபல் ஹெல்த் சஞ்சிகையில முடிவு வந்திச்சு. குளிர்த்தின பிள்ளைங்கள்ல 42 வீதம் இறந்தாங்க. குளிர்த்தாத பிள்ளைங்கள்ல 31 வீதம். இறப்பையும் ஊனத்தையும் சேர்த்துப் பாத்தா 50க்கு 47, நன்மைன்னு எதுவுமே இல்ல. எங்க மாதிரி நாட்டுல, பெரிய ஐ.சி.யூ இருந்தாலும் இதைக் குடுக்கக் கூடாதுன்னே எழுதினாங்க.

வாசன் அண்ணா, உங்க மருமகன் பிறந்தது 2022. ஆய்வு வந்து அடுத்த வருஷம். அந்த டொக்டர்மார் அறியாம விட்டாங்களா, அறிஞ்சே விட்டாங்களான்னு நான் சொல்ல முடியாது, நான் அங்க இல்ல. ஆனா அந்த நேரத்துல குளிர்த்தாம விட்டதை யாரும் குறைன்னு சொல்ல முடியாது. தங்கச்சிக்கு இதை மட்டுமாவது சொல்லுங்க.

(இந்தியாவுல தனி ஆஸ்பத்திரிங்க செஞ்ச சில சின்ன ஆய்வு நல்ல பலன் காட்டியிருக்கு. அதனால சண்டை இன்னும் முடியல. சில இடத்துல ஆள் பாத்துச் செய்றாங்க.)


ஸ்காபரோ ரவி
திங்கள், இரவு 8.15

இதை நான் அறியேல்லை. ஆனா விளங்கேல்லை, அதே மெசின், அதே பாகை. எங்கட பிள்ளையளின்ர மூளை என்ன வேற மண்ணாலயோ செய்தது?


உயிரியல் வாத்தி
திங்கள், இரவு 9.30

மூளை ஒன்றுதான் ரவி. காயம் பட்ட நேரம் வேறாக இருக்கலாம்.

ஒட்சிசன் நின்றவுடன் மூளைக் கலம் உடனே சாவதில்லை. முதல் அடி விழும், பிறகு இரத்தம் திரும்பும், கொஞ்சம் தெளிவது போல இருக்கும். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் இரண்டாவது சரிவு வந்து கலங்கள் கூட்டமாகச் சாகும். குளிர்த்துவது அந்த இரண்டாவது சரிவைத் தடுப்பதற்கு. பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணித்தால் பால் மிஞ்சும். பொங்கி வழிந்து அடிப்பிடித்த பிறகு தணித்து என்ன பலன்?

தொப்புள்கொடி இறுகுவது, நச்சுக்கொடி பிரிவது போல திடீரென விழுந்த அடியென்றால் நேரம் தெரியும், ஆறு மணிக் கெடுவும் உண்மையான கெடு. எங்கள் பக்கத்தில் நீண்டு இழுபட்ட பிரசவத்தில் மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு முட்டியிருக்கலாம், தாயின் வயிற்றிலேயே வளர்ச்சி குறைந்திருக்கலாம். பிள்ளை வெளியே வரும்போதே பால் வழிந்து முடிந்திருக்கும். ஹெலிக்ஸ் பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் காயம் அதிகமாகத் தெரிந்தது வெண்பொருளில், அதாவது மூளைக்குள் நரம்பிழைகள் ஓடுகிற பகுதியில். இழுபட்டு வருகிற காயத்தின் அடையாளம் அது என்று வாதிடுகிறார்கள்.

வாசனின் மச்சான் கேட்டது "ஏன் குளிர்த்தவில்லை" என்று. நான் கேட்பது எது முதலில் நடந்தது என்று. உறங்கும் பிராணிக்கு அடுப்பு முதலில் தணிகிறது, குளிர் பிறகு, பசியும் மூச்சும் குறைவது அதோடு. அதனால் அதன் மூளைக்கு ஒட்சிசன் பற்றாக்குறையே வருவதில்லை. மனிதனுக்குப் பற்றாக்குறை முதலில், குளிர் கடைசியில்.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று, நைட் டியூட்டிக்குத் தெரிந்திருக்கும். 1999 மே மாதம் நோர்வேயில் அன்னா பேகன்ஹோம் என்ற சுவீடன் டொக்டர் பனிச்சறுக்கில் விழுந்து ஐஸுக்கு அடியில் ஓடைத் தண்ணீரில் 80 நிமிடம் அகப்பட்டார். உடல் வெப்பம் 13.7. ட்ரொம்ஸோ மருத்துவமனையில் இதய–நுரையீரல் இயந்திரத்தில் இரத்தத்தைச் சூடாக்கி மீட்டார்கள். பின்னாளில் அதே மருத்துவமனையில் கதிரியக்க டொக்டராக வேலை செய்தார். அவருக்கு ஐஸுக்கடியில் ஒரு காற்றுப் பை கிடைத்தது, நாற்பது நிமிடம் மூச்சு எடுத்தார். அதாவது இதயம் நிற்பதற்கு முன்னமே மூளை குளிர்ந்துவிட்டது. வரிசை சரியாக விழுந்தது, அவ்வளவுதான்.


நைட் டியூட்டி
திங்கள், இரவு 9.48

ஆமா சார். குளிர்ந்து கிடக்கிற ஆளைச் சூடாக்கிப் பாக்காம இறந்துட்டார்னு எழுதக் கூடாதுன்னு எங்களுக்கும் படிப்பிச்சாங்க. கொழும்பு வெயில்ல அப்பிடி ஒருத்தரை எங்க பாக்கிறது. நான் பிறந்தது நுவரெலியாப் பக்கம், ஜனவரில கொழுந்து மேல பனி வெள்ளையா படிஞ்சி கருகும், அதுதான் நான் பாத்த குளிர்.


சிவசித்தன்
திங்கள், இரவு 10.20

மேல்நாட்டுக்காரன் இப்போ எலியையும் அணிலையும் பார்த்துக் கண்டுபிடிப்பதை நம் சித்தர்கள் மூச்சை அடக்கிச் சமாதியில் இருந்து அன்றே காட்டிவிட்டார்கள். காயகற்பம் என்பது இதுதான். யாரும் ஏன் பேசுவதில்லை?


கொட்டாஞ்சேனை மேரி
திங்கள், இரவு 10.26

பேசலாம் தம்பி, யாராவது சமாதில இருந்து எழும்பி வந்து பிரஷர் பாக்க விட்டா.


நெறியாளர்
திங்கள், இரவு 10.50

சித்தர் விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். மூன்று பதிவுகள் அங்கே நகர்த்தப்பட்டன.


மருதானை ஃபாரூக்
செவ்வாய், காலை 11.15

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஒண்டு கேக்கட்டா. வாப்பாவுக்குக் கிழமைக்கு மூணு நாள் டயலிசிஸ். தண்ணி அளந்து குடிக்கிறார், போன ரமழான்ல நோன்பு பிடிக்க ஏலாம அழுதார். கரடி ஆறு மாசம் ஒண்ணுக்குப் போகாம கிடக்கெண்டு செல்றாங்களே, அதுக்கு யூரியா ஏறி வருத்தம் வராதா? அதோட கிட்னி என்ன கிட்னி?


உயிரியல் வாத்தி
செவ்வாய், பிற்பகல் 2.40

வ அலைக்கும் ஸலாம் ஃபாரூக். அதன் கிட்னியும் குறைந்துதான் வேலை செய்கிறது, மூன்றிலொரு பங்கு அளவுக்கு. மனிதனுக்கு அப்படி இறங்கினால் டொக்டர்மார் நோயென்று எழுதுவார்கள். கரடிக்குக் கிரியாட்டினின் (கிட்னி வடிக்க வேண்டிய இன்னொரு கழிவு) ஏறும். யூரியா மட்டும் ஏறாது, சொல்லப்போனால் இறங்கும்.

சிறுநீர்ப்பையில் சேர்கிற கொஞ்சத்தையும் உடல் திரும்ப உறிஞ்சிவிடும். யூரியா குடலுக்குப் போகிறது. அங்கே உள்ள பக்டீரியா அதை உடைத்து நைதரசனை விடுவிக்கும். அந்த நைதரசன் திரும்பப் புரதமாகிறது. தரை அணிலில் இதைப் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்து 2022இல் சயன்ஸில் எழுதினார்கள். பக்டீரியாவைக் கொன்றால் வேலை நிற்கிறது. கழிவென்று நாம் கொட்டுகிறதை அது தசைக்குப் போடுகிறது. மாதக்கணக்காகப் படுத்த கரடி எழும்பி நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் ஆட்களை இரண்டு வாரம் கட்டிலில் போட்டால் தொடை என்ன கதியாகிறது என்று பாருங்கள்.

உடனே மருந்தாகுமா என்று கேட்டால், இன்றைக்கு டயலிசிஸுக்குப் பதிலாக எதுவும் இல்லை. வாப்பா கரடியின் குடலுக்காகக் காத்திருந்து ஒரு நாளும் தவறவிடக் கூடாது.


நைட் டியூட்டி
செவ்வாய், பிற்பகல் 3.05

தண்ணி அளவையும் விட வேணாம்னு சொல்லுங்க ஃபாரூக்.

எனக்குக் கரடியில பிடிச்சது வேற. படுத்த படுக்கையா கிடக்கிற நோயாளிக்குக் கால்ல இரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறிடுமோன்னு நாங்க தினம் பயப்படுறோம், வயித்துல ஊசி போடுறோம். கரடிக்குக் கட்டுறதில்ல. 2023ல சுவீடன் கரடிகளைக் குளிர்காலத்துலயும் கோடையிலயும் இரத்தம் எடுத்துப் பாத்திருக்காங்க. பனிக்காலத்துல அதோட குருதிச் சிறுதட்டுல இரத்தம் கட்ட உதவுற எச்.எஸ்.பி.47ங்கிற புரதம் ரொம்பக் குறைஞ்சிருது. வேடிக்கை என்னன்னா முள்ளந்தண்டு அடிபட்டு வருஷக்கணக்கா அசையாம இருக்கிற மனுசங்களுக்கும் அதே புரதம் குறைவா இருந்திச்சு. அசையாம இருந்தா நம்ம உடம்பும் கொஞ்ச நாள்ல அதைக் கத்துக்குது. முதல் கிழமைகள்ல மட்டும்தான் தெரியாம மாட்டிக்கிது. கரடி சங்கதியில மனுசனுக்கு சீக்கிரம் வரக்கூடியது எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். ஐஸ் இல்ல, போர்வை இல்ல.


பேலியகொட ஐஸ்
செவ்வாய், இரவு 11.30

அப்ப அடுப்பைத் தணிக்கிற சுவிட்ச் ஒண்டு மனுசனுக்குள்ள இருக்கோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.


உயிரியல் வாத்தி
புதன், காலை 5.55

ஐஸ் அண்ணை அடிமடியில் கைவைக்கிறார்.

2005இல் அமெரிக்காவில் மார்க் ரொத் என்பவர் எலிகளுக்கு ஐதரசன் சல்பைட்டைக் கொஞ்சமாகச் சுவாசிக்கக் கொடுத்தார். அழுகல் முட்டை மணம், உங்களுக்குப் பழக்கமான வாயு. எலியின் அடுப்பு பத்திலொரு பங்குக்குத் தணிந்தது, பிறகு எழும்பி ஓடியது. உலகமே துள்ளியது. செம்மறியிலும் பன்றியிலும் செய்தபோது எதுவும் நடக்கவில்லை. எலி சின்னது, தானாகவே பசியில் கொஞ்சம் உறங்கத் தெரிந்தது.

2020இல் ஜப்பானில் ட்சுகுபா பல்கலைக்கழகத்தார் எலியின் மூளையில் ஐபோதலமசில் (உடல் வெப்பத்தை ஆளுகிற பகுதி) ஒரு சின்ன நரம்புக்கலக் கூட்டத்தைத் தூண்டினார்கள். உடல் தன் வெப்பத்தை எவ்வளவில் வைத்திருக்க வேண்டும் என்ற குறியே கீழே இறங்கியது, நாள்கணக்காக, நடுக்கமில்லாமல். இயல்பாக உறங்காத பெரிய எலி இனத்திலும் வேலை செய்தது. அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சுவிட்ச் உறங்குகிறவைக்கு மட்டும் உரியதல்ல போலிருக்கிறது. ஆனால் மரபணு வேலை செய்து மூளைக்குள் ஊசி ஏற்றித்தான் அதை அழுத்தினார்கள். மனிதனில் யாரும் அழுத்திப் பார்க்கவில்லை.

சுவிட்ச் மட்டும் போதாது என்பதும் உண்டு. எங்கள் இதயம் 28 பாகைக்குக் கீழே போனால் ஒழுங்கில்லாமல் துடிக்கத் தொடங்கிவிடும், கலத்தின் உப்புப் பம்பி குளிரில் தளர்வதால். தரை அணிலின் இதயம் உறைநிலைக்குப் பக்கத்திலும் ஒழுங்காகத் துடிக்கிறது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் அது எழும்பி உடலைச் சூடாக்கும். பனிக்காலச் சேமிப்பில் பெரும்பங்கு இதற்கே போகிறது. எதற்கு எழும்புகிறது தெரியுமா? மூளையலையைப் பார்த்தால் அது தூக்கம் காணாத பிராணி போல இருக்கிறது, சூடானவுடன் உண்மையான தூக்கம் போடுகிறது. தூங்குவதற்காக எழும்புகிற பிராணி என்று சிலர் சொல்கிறார்கள். குளிரில் நரம்பிணைப்புகள் சுருங்கி, எழும்பும்போது திரும்ப முளைக்கின்றன. அல்சைமர் நோயில் காண்கிற மாதிரியான டௌ புரத மாற்றமும் வந்து, எழும்பியவுடன் போய்விடுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பெரிய புதிர் அதுதான்.


வெள்ளவத்தை வாசன்
வெள்ளி, இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. நேற்று தங்கச்சி வீட்ட போனனான். முழுசையும் போனில வாசிக்கக் குடுத்தன். கரடி, அணில் எல்லாத்தையும் தள்ளித் தள்ளிக்கொண்டு போய் நைட் டியூட்டி அக்கா எழுதின அந்த 42, 31 கணக்கில நிண்டாள். ரெண்டு தரம் வாசிச்சாள். "அப்ப குளிர வைச்சிருந்தால் இவன் இல்லாமலும் போயிருக்கலாம்" எண்டாள். அழேல்லை. மகனின்ர வலது கையை எடுத்து, ஒவ்வொரு விரலா விரிச்சுக்கொண்டிருந்தாள், பயிற்சிக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி.

மச்சானுக்கும் இணைப்பை அனுப்பினன். ரெண்டு நீல ரிக் வந்திருக்கு. பதில் இல்லை.


நைட் டியூட்டி
சனி, காலை 8.20

அந்த விரல் பயிற்சிய ஒரு நாளும் விட வேணாம்னு சொல்லுங்க. இடது கையில பொம்மை இருந்தா வாங்கி வலது பக்கம் வைங்க, அவனே நீட்டி எடுக்கட்டும். பேச்சுக்கு இன்னும் காட்டலன்னா உடனே காட்டுங்க, நாலு வயசு வரட்டும்னு இருக்காதீங்க.


மருதானை ஃபாரூக்
சனி, பகல் 12.45

வாப்பாவுக்குக் கரடி கதையச் சென்னேன். மெசின்ல ஊசி குத்திக்கிட்டிருந்த நேரம். "ஒண்ணுக்கும் போக வேணாம், தண்ணியும் குடிக்க வேணாம், ஆறு மாசம் நோன்பு. குடுத்து வச்ச கரடி" எண்டார். பக்கத்துக் கட்டில் சிங்கள அங்கிளுக்கு அதைச் சிங்களத்துல வேற செல்லிக் குடுத்து, ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல நர்ஸ் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க.